மாடன் கொடுத்த ஒரு மடக்கு

இந்த மலையாளத்து ஊரில் மனிதர்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். பேருந்துக்கு நிற்க மாட்டார்கள். கிழக்கேகோட்டை நிலையத்தில் வண்டி திரும்பி நிற்பதற்குள் ஜன்னல் வழியே குடையையும் துண்டையும் எறிந்து இடம் பிடித்துவிடுவார்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் ரேஷன் கடை வாசலில் கேன்கள்தான் வரிசையில் நிற்கும், ஆட்கள் மரத்தடியில் அரசியல் பேசுவார்கள். ஆனால் அரசு மதுக்கடையின் கம்பித் தடுப்புக்குள் மட்டும் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக, மழை கொட்டினாலும் கலையாமல், கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்களைப்போல நிற்பார்கள். வெள்ளை வேட்டிக்காரரும் சுமை தூக்குகிறவரும் அடுத்தடுத்து நிற்பார்கள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்க மாட்டார். நம் பக்கம் குடிக்கப் போகிறவன் ஊருக்குச் சொல்லிவிட்டுப் போவான். இங்கே வந்த புதிதில் இந்த அமைதி எனக்குச் சிரிப்பாக இருந்தது. தம்பிக்கு எழுதிய கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருக்கிறேன். பிறகு நான்கைந்து வருஷம் தினமும் அந்த வரிசையைக் கடந்து போனேன், சிரிக்காமல். முகங்களைப் பார்க்க முடியாது என்பதால் பிடரிகளைப் பார்த்தேன். என் மகன் குமரேசனுக்குப் பிடரியில் இடதுபக்கம் ஒரு சுழி உண்டு. அந்தச் சுழி வரிசையில் இல்லாத நாளை நல்ல நாள் என்று வைத்திருந்தேன்.

வள்ளியூரில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் வந்துவிடும் ஊருக்குப் போய்விட்டு, கடல் கடந்தவன் மாதிரி எழுதுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பி.ஏ. முடித்துவிட்டு மூன்று வருஷம் வேலையில்லாமல் இருந்தவனை, தூரத்து உறவான ஒருவர் சாலைக் கடைத்தெருவில் இருந்த தம்முடைய இரும்புக் கடைக்குக் கூட்டிவந்தார். கடைக்குள் தமிழ், வாடிக்கையாளரிடம் பாதிப் பாதி, போலீசிடம் மலையாளம் என்று பழகிக்கொண்டேன். நம் ஊரில் அண்ணாச்சி என்றால் மரியாதை. இங்கே தமிழ் பேசும் கடைக்காரர்கள் எல்லாருமே அண்ணாச்சிதான், ஒருவருக்கும் தனிப்பெயர் கிடையாது. அதுவும் பழகிவிட்டது. மணக்காட்டில் வாடகை வீடு. மனைவி முத்துலட்சுமி. ஒரே மகன். அவன் இங்கே பிறந்தவன். எங்களிடம் தமிழில் பேசுவான், கனவில் மலையாளத்தில் பேசுவான். ஒரு பேச்சு மொழியை மாற்றிக்கொள்வதற்கும் ஒரு நாட்டை மாற்றிக்கொள்வதற்கும் எவ்வளவு தூரம் என்று எனக்கு அவன்தான் பிறகு காட்டினான்.

குமரேசன் ஐ.டி.ஐ. முடித்து கரமனையில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். பத்தொன்பது வயதில் குடிக்கத் தொடங்கினான். சனிக்கிழமை மட்டும் என்று இருந்தது வாரம் முழுவதும் என்று ஆயிற்று. இருபத்தொரு வயதில் காலையில் பல் தேய்க்கும் முன்பே கை நடுங்கியது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது என்பதால் அதை விரித்து எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருநாள் பீரோவில் அவன் எதையோ தேட, முத்துலட்சுமி குறுக்கே கை வைத்தாள். அவன் கதவை அடித்துச் சாத்தினான். அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் கதவிடுக்கில் இருந்தன. அந்தச் சத்தம், உலர்ந்த முருங்கைக் குச்சி ஒடிவதைப் போன்றது. அவள் கத்தவில்லை. அவன்தான் கத்தினான்.

மறுநாள் காலை கடையிலிருந்து சங்கிலி கொண்டுவந்தேன். லாரிகளில் பின்கதவுக்குப் போடுகிற தடிமன். அவன் போதை தெளியாமல் கிடக்கும்போதே கணுக்காலில் சுற்றி, ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டினேன். மூன்று நாள் அப்படி இருந்தான். முதல் நாள் கெட்ட வார்த்தை, இரண்டாம் நாள் அழுகை, மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தன் கையையே அறைந்துகொண்டான். கணுக்காலைச் சுற்றித் தோல் வழன்று போயிற்று. அந்த மூன்று நாளும் நான் எங்கள் குலதெய்வமான சுடலைமாடனிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். மாடன் சாந்தமான சாமி அல்ல. மயானத்தில் நிற்பவர், கையில் வல்லயம் என்ற நீண்ட ஈட்டி பிடித்தவர், தப்புச் செய்தவனின் நெஞ்சில் ஏறி மிதிப்பவர். இந்த மகனை அடக்க அவரால்தான் முடியும் என்று நம்பினேன். இவன் ஒரு வருஷம் குடிக்காமல் இருந்தால் ஊருக்கு வந்து உன் கோயில் கொடை விழாவில் கிடா வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

நான்காம் நாள் ஹமீத் கடைக்குக் கீல் வாங்க வந்தார். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில் தடத்தில் பல காலம் ஓடியதால் எங்கள் தமிழ் கொஞ்சம் வரும். என் கன்னத்தில் மகனின் நகம் கிழித்த தடத்தைப் பார்த்துவிட்டு, கீலைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினார்.

“அண்ணாச்சி, வீட்டில பூனை வளர்த்துறீங்களா?”

“இல்ல.”

“பின்னே மோன் குடிக்குமா?”

மகன் குடிப்பதைப் பற்றிக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் யார் கேட்பதற்கு என்றேன். “ஞான் ஒன்பது வருஷமாட்டு குடிக்காத குடியன்” என்றார். வேலை, பெயர், சாதி என்று எல்லாம் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படிச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். சங்கிலியைப் பார்த்தார். என்னை ஒரு சொல்லும் சொல்லாமல் குமரேசன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் காட்டினார். குடித்துவிட்டு ஓடும் பஸ்ஸிலிருந்து விழுந்ததில் தொடையில் ஒரு பெரிய பள்ளம். “இது காணான் கொள்ளாமோ, பார்க்க அழகா இருக்கா? தொட்டுப் பாரு” என்றார். என் மகன் தொட்டுப் பார்த்தான். மூன்று நாளில் அவன் கை எதையும் அடிக்காமல் தொட்டது அப்போதுதான்.

பாளையத்துக்கு அப்பால் ஒரு சிறிய தேவாலயத்தின் பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், ஹமீத் போய்வரும், குடியை விட்டவர்களின் கூட்டம். ஒரே கூடத்தைப் பலகைச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் குடித்தவர்கள், மறுபக்கம் அவர்களுடைய வீட்டார். சங்கிலியை அவிழ்த்துக் கூட்டிவந்த மகனை அந்தப் பக்கம் விட்டுவிட்டு நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு சிலுவைக்குக் கீழே உட்காருவது எனக்குச் சங்கடமாக இருந்தது. மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் ஃபிலோமினா. கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவந்து விற்பவள். கூடையை வெளியே வைத்துவிட்டு, மீன் வெட்டும் கத்தியைச் சாக்கில் சுற்றி ஜன்னல் திட்டில் வைத்திருந்தாள். நான் இரும்புக் கடைக்காரன் என்று தெரிந்ததும், சங்கிலிக் கதையையும் ஹமீத் சொல்லியிருந்தார்போல, குனிந்து கேட்டாள்: “அண்ணாச்சி, நல்ல சங்கிலி ரெண்டு மீட்டர் எனக்கும் வேணும். எங்க வீட்டுக்காரனுக்கு. நீளம் கொறஞ்சாலும் பரவாயில்ல, கழுத்துக்குத்தான்.” அறை முழுவதும் சிரித்தது. மனிதர்கள் இதற்குச் சிரிப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடக்கூடாது. பேசி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து ‘நன்னி’ என்று சொல்வார்கள். அவ்வளவுதான். முதல் நாள் ஓர் ஓய்வுபெற்ற குமாஸ்தா, மருமகனுக்குப் பயந்து தம் மகள் குளியலறையில் ஒளிந்துகொண்டதைச் சொன்னார். அவன் கதவை உடைத்து அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்ததைச் சொன்னார். தாம் பக்கத்து அறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டதைச் சொன்னார். அறை ஒரே குரலில் ‘நன்னி’ என்றது. எனக்கு உடம்பு கூசியது. இதற்கா நன்றி? நம் ஊராக இருந்தால் நான்கு பேர் ஆறுதல் சொல்லியிருப்பார்கள், இரண்டு பேர் மருமகனை வெட்டக் கிளம்பியிருப்பார்கள். இவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்தேன். கடைசியில் ஒரு நிமிஷம் மௌனம். அவரவருக்குத் தெரிந்த கடவுளை நினைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஃபிலோமினா சிலுவையிட்டுக்கொண்டாள். குமாஸ்தா பத்மநாபா என்று முணுமுணுத்தார். நான் மாடனை நினைத்துக்கொண்டேன். தேவாலய வளாகத்துக்குள் அவர் வருவாரா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வெளியே வந்து ஹமீதிடம் கேட்டேன், எத்தனை மாசத்தில் குணமாகும் என்று.

“குணமாகாது அண்ணாச்சி.”

“பின்னே எதுக்கு வரணும்?”

“இன்னைக்கு குடிக்காம இருக்க.”

“நாளைக்கு?”

“நாளைக்கு ஞாயிறாழ்ச்ச இல்லல்லோ. நாளைக்கு என்னெ ஃபோன் விளிக்கட்டும்.”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். ஆனால் குமரேசன் தினமும் காலையில் தெருமுனைப் பூத்திலிருந்து அவரை அழைத்தான். ஒரு மாதம் ஆயிற்று, ஆறு மாதம் ஆயிற்று. ஒர்க்‌ஷாப்பில் மறுபடி சேர்ந்தான். அம்மாவின் வளைந்துபோன விரல்களுக்குத் தினமும் தைலம் தேய்த்துவிட்டான். ஒரு வருஷம் முடிந்த ஞாயிறன்று பலகைச் சுவருக்கு அப்பால் கைதட்டல் கேட்டது. இந்தப் பக்கம் எங்களுக்கும் டீயும் பழம்பொரியும் வந்தன. ஃபிலோமினா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “அண்ணாச்சி கரையுது பாருங்க” என்று எல்லாரையும் கூப்பிட்டாள். ஆமாம், அழுதுகொண்டுதான் இருந்தேன். ஆனால் என் மனதில் அப்போது அவர்கள் இல்லை. மாடன் கேட்டுவிட்டார், கிடா கொடுக்க வேண்டும். அதுதான் இருந்தது.

கொடைக்கு மகனையும் கூட்டிப்போகிறேன் என்று ஹமீதிடம் சொன்னேன்.

“அவிடெ சாராயம் உண்டோ?”

“படையல்ல உண்டு. சாமிக்கு.”

“சாமி குடிக்கட்டும். மோன் தள்ளி நிக்கட்டும். அல்லெங்கில் அண்ணாச்சி தனியா போய் கொடுத்துட்டு வாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. நேர்ச்சை மகனுக்காக. மகன் இல்லாமல் கிடா வெட்டினால் அது வெறும் கறிச்சோறு. “எங்க சாமியப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்குள் அவருடைய மதமும் இருந்தது, அது அவர் காதிலும் விழுந்தது.

“சாமியப் பத்தி ஒந்நும் அறியாது” என்றார். “குடியப் பத்தி அறியும்.”

கொடை அன்று மத்தியானம். நையாண்டி மேளம் நெஞ்செலும்புக்குள் அடித்தது. வெயிலில் கிடாவின் தலை ஒரே வெட்டில் விழுந்தது. சாமியாடி என் பெரியப்பா மகன் சுடலைக்கண்ணு அண்ணன். மற்ற நாட்களில் தபாலாபீசில் முத்திரை குத்துகிற, எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். அருள் வந்துவிட்டால் நான் அவர் கண்ணைப் பார்க்க மாட்டேன். கிடாவின் கழுத்திலேயே வாய் வைத்துக் குடித்தார். தாடையிலிருந்து மார்பு வரை சிவப்பாக வழிந்தது. பிறகு படையலிலிருந்த சாராயத்தை எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் வார்த்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் மகனுக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஏலேய்! ஒன்ன மீட்டது ஆருல?”

கூட்டம் சொன்னது: “நீருதான் சாமி!”

“அப்பம் எங் கையால வாங்கு.”

குமரேசன் ஓர் எட்டு பின்வாங்கினான். அவன் முகத்தைப் பார்த்தேன். ஜன்னலில் கட்டியிருந்தபோதுகூட அவ்வளவு பயம் அந்த முகத்தில் இல்லை. பயத்தில் அவனுக்கு வந்தது அவனுடைய மொழி. “எனிக்கு பற்றில்ல” என்றான். “அப்பா, பற்றில்ல அப்பா.” முடியாது என்று சொல்கிறான். எனக்குப் புரிந்தது, அங்கே நின்றவர்களுக்கும் புரிந்தது. யாரோ ஒருவன் சத்தமாகச் சொன்னான்: “மாடன்கிட்ட மலையாளம் சம்சாரிக்குதாருய்யா!” இன்னொருவன், “சாமி, புட்டும் கடலையும் குடு, வாங்கிக்கிடுவாரு” என்றான். மேளக்காரர்கூடச் சிரித்தார். இருபத்தைந்து வருஷமாக நான் வருஷா வருஷம் துணி எடுத்துக்கொண்டும் கோயில் வரி கொடுத்துக்கொண்டும் வந்து, இன்னும் உங்களில் ஒருவன்தான் என்று காட்டிக்கொண்டிருந்த இடம் அது. என் காது சூடாகிவிட்டது. மகனின் தோளைப் பிடித்து முன்னே தள்ளினேன்.

“வாங்கிக்கோலே. சாமி குடுக்குது. ஒரு மடக்குதான்.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, இரண்டு கையையும் ஏந்தி, குடித்தான். கூட்டம் குலவை போட்டது. நானும் கும்பிட்டேன்.

திரும்பி வந்ததும் அவன் மறுபடி குடிக்கத் தொடங்கினான். பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளில் அவன் முன்பு ஐந்து வருஷத்தில் குடித்ததையெல்லாம் மறுபடி எட்டிப் பிடித்துவிட்டான். ஹமீத் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். ஒருமுறை அவன் அவர்மேல் ஸ்பேனரை எறிந்தான். இருபதாம் நாள் காலை, நான் கடைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே முத்துலட்சுமியின் குரல் வித்தியாசமாகக் கேட்டது. ஓடினேன். அவளைச் சுவரோடு சேர்த்து, முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, மறு கையால் தாலிக்கொடியை இழுத்துக்கொண்டிருந்தான். கொடி அறுபடாமல் அவள் கழுத்தில் புதைந்திருந்தது. கண் பிதுங்கியிருந்தது. கொல்லைக் குழாய் ரிப்பேருக்காகக் கடையிலிருந்து கொண்டுவந்த அரை இஞ்சு இரும்புக் குழாய் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. எடுத்து அவன் பின்தலையில் அடித்தேன். அந்தச் சுழிக்கு மேலே. அவன் முடியை விட்டுவிட்டு, உட்காருவதுபோல மடங்கி விழுந்தான்.

இதுவரை சொன்னதை யாரிடமும் சொல்ல முடியும். எந்தத் தகப்பனும் செய்வான் என்பார்கள். விழுந்தவனை நான் மறுபடியும் அடித்தேன் என்பதைத்தான் சொல்ல முடியாது. அவன் அசையவில்லை, அவள் விடுபட்டுவிட்டாள், மூச்சு வாங்கிக்கொண்டு என் காலைப் பிடித்தாள். நான் காலை உதறிவிட்டு, குறி பார்த்து, தோளில் ஒன்றும் விலாவில் ஒன்றும் அடித்தேன். அந்த இரண்டு அடியில் ஒரு சுகம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்று சொன்னேன். மருத்துவர் என்னைப் பார்த்தார், முத்துலட்சுமியின் கழுத்தைப் பார்த்தார், நான் சொன்னதையே எழுதிக்கொண்டார். ஆறு நாள் அவன் கண் திறக்கவில்லை. ஏழாம் நாள் திறந்து தண்ணீர் கேட்டான். விலாவில் இரண்டு எலும்பு போயிருந்தது. இடது காதில் இனிமேல் கேட்காது என்றார்கள். வார்டு வராந்தாவில் முத்துலட்சுமி என்னிடம் சொன்னாள். அவள் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியவள் அல்ல. அன்றும் உயர்த்தவில்லை.

“அவன் வீட்டுக்கு வரட்டும். நீங்க வேண்டாம்.”

“அவன் ஒன்னக் கொல்லப் பாத்தாம்ட்டி.”

“அவனுக்குக் குடி இருந்துச்சு. ஒங்களுக்கு என்ன இருந்துச்சு?”

கடைக்கு மேலே ஆணி மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையில் ஒரு பாய் விரித்துக்கொண்டேன். அந்த ஞாயிறு, எங்கே போவதென்று தெரியாமல் தேவாலயப் பின்கட்டுக்குப் போனேன். மகன் அந்தப் பக்கம் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தான். ஹமீதை எதிர்கொள்ள முடியாது என்று நினைத்தேன். அவர் வாசலில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு அடிபட்டதை மட்டும் கேள்விப்பட்டிருந்தார். “நீங்க சொன்னீங்க” என்றேன். “ஞான் பலதும் சொல்லும்” என்றார். “உள்ளே போங்க, டீ ஆறிப்போகும்.” நான் எதிர்பார்த்த வெற்றிக் களை அவர் முகத்தில் இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த அறையில் நான் பேசியதே இல்லை. அன்று எழுந்து நின்றேன். முதலில் கொடையைச் சொன்னேன். ‘வாங்கிக்கோலே’ என்று நான் சொன்னதைத் தமிழிலேயே சொன்னேன். அதற்கு வேறு மொழியில் என்னிடம் சொல் இல்லை. பிறகு குழாயைச் சொன்னேன். முதல் அடியில் நின்றுகொள்ளலாம் என்று இருந்தது. ஜன்னல் திட்டில் சாக்கில் சுற்றிய கத்தி கண்ணில் பட்டது. மற்ற இரண்டு அடியையும் சொன்னேன். சுகமாக இருந்தது என்றும் சொன்னேன். வழுக்கி விழுந்தான் என்ற பொய்யையும் சொன்னேன். முடித்ததும் உட்கார்ந்தேன். யாராவது எழுந்து என்னை வெளியே தள்ளுவார்கள், தள்ளினால் நல்லது என்று காத்திருந்தேன்.

“நன்னி” என்றார்கள்.

அப்போதுதான் அந்தச் சொல் எனக்கு விளங்கியது. அது பாராட்டு இல்லை, மன்னிப்பும் இல்லை. நீ சுமந்துவந்ததை இறக்கி வைத்தாய், நாங்கள் பார்த்துவிட்டோம், உன்னையும் பார்த்துவிட்டோம், நாற்காலி இன்னும் உனக்குத்தான். அவ்வளவே. மௌன நிமிஷம் வந்தது. கண்ணை மூடினேன். மாடனை நினைக்க முடியவில்லை. வல்லயத்தோடு வந்து நிற்பார் என்று பயந்தேன். எனக்கென்று நினைத்துக்கொள்ள ஒரு சாமி இல்லாத அந்த ஒரு நிமிஷம், நான் ஃபிலோமினாவின் கர்த்தரிடத்திலும் குமாஸ்தாவின் பத்மநாபரிடத்திலும், சுவருக்கு அந்தப் பக்கம் ஹமீத் யாரை நினைத்துக்கொண்டிருந்தாரோ அவரிடத்திலும், மழைக்கு அடுத்த வீட்டில் ஒதுங்குபவனைப்போல ஓரமாக நின்றுகொண்டேன். ஒருவரும் போ என்று சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், பயமில்லாமல் கும்பிட்டது அதுதான் முதல் முறை.

பிறகு ஃபிலோமினாவிடம் கேட்டேன், அவள் எத்தனை வருஷமாக வருகிறாள் என்று.

“பதினாலு.”

“வீட்டுக்காரர் குடிய விட்டுட்டாரா?”

“அவனா? காலையிலேயே கெடக்கான்.”

“பின்ன நீங்க எதுக்கு வர்றீங்க?”

அவள் ஜன்னல் திட்டிலிருந்த கத்தியைக் காட்டினாள். “அதை இங்க வெச்சுட்டு ஒரு மணிக்கூர் உக்கார. திரும்ப எடுக்கும்போ கொஞ்சம் கனம் கொறைஞ்சிருக்கும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அண்ணாச்சி கடையில கொண்டுபோய் விக்கலாம்னா, மீன் யாரு வெட்டுவா?” என்றாள்.

குமரேசன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனான். மூன்றாவது வாரம் ஹமீதின் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு பலகைகளை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தாரையும் சேர்த்து உட்காரவைப்பார்கள். அந்த ஞாயிறு நான் மறுபடி எழுந்து நின்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இம்முறை அவன் கேட்க. நல்ல காது என் பக்கம் வரும்படி அவன் தலையைச் சாய்த்துக்கொண்டு, தரையைப் பார்த்திருந்தான். நான் முடித்தேன். அறை ‘நன்னி’ என்றது. அதற்குப் பிறகு ஒரு மூச்சு தாமதமாக, தனியாக, அவன் குரல் வந்தது. “நன்னி.” என்னை அப்பா என்று கூப்பிடும் குரலில் அல்ல, அந்த அறையில் முதல்முறை பார்த்த ஒருவருக்குச் சொல்லும் குரலில். நான் உட்கார்ந்துவிட்டேன். கிடைத்தது போதும் என்று நினைத்தேனா, போதாது என்று நினைத்தேனா, தெரியவில்லை.

டீ குடிக்கும்போது அவனே பக்கத்தில் வந்தான்.

“அந்தக் குழாய் எங்க இருக்கு?”

“கடையிலதான். ஓரமா போட்டிருக்கேன்.”

“வித்துருங்க.”

“யாரு வாங்குவா?”

“அரை இஞ்சுதானே. யாராச்சும் வாங்கும்.” டீயை ஊதினான். நானும் என்னுடையதை ஊதினேன்.

“நான் வீட்டுக்கு வரவா?”

அவன் யோசித்தான். “இன்னைக்கு வேண்டாம்” என்றான். நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. அந்த அறையில் அப்படிக் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு பத்து மாதம். அவன் குடிக்கவில்லை. இன்று மாலைவரை குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. நான் இன்னும் ஆணி மூட்டைகளுக்கு நடுவில்தான் இருக்கிறேன். முத்துலட்சுமி சில நாள் சோறு கொடுத்தனுப்புகிறாள். போன வாரம் தம்பி போன் செய்தான். வருகிற ஞாயிறு கொடை, நீ வராமலிருந்தால் மாடன் கேட்பார், ஊரும் கேட்கும் என்றான். சுடலைக்கண்ணு அண்ணனும் வாங்கிப் பேசினார். முத்திரை குத்துகிறவரின் குரலில், மெதுவாக, “தம்பி, அன்னைக்கு நான் என்ன செஞ்சேம்னு எனக்குத் தெரியாதுடே” என்றார். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். நான் செய்ததுதான் அது, நீர் வருத்தப்பட வேண்டாம் என்றேன். வரவில்லை என்றும் சொன்னேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் மேளம் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

இந்த ஞாயிறு ஊரில் கிடா வெட்டியிருப்பார்கள். மாலையில் பின்கட்டில் பலகைச் சுவரை மறுபடி வைத்திருந்தார்கள். மௌன நிமிஷத்தில் எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டேன். மலைகளுக்கு அப்பால், கிழக்கே, என் முதுகுக்கு நேர் பின்னால் ஊர் இருந்தது. மாடன் இருந்தார், என் பங்குக் கறி இருந்தது. முகத்துக்கு எதிரே பலகை. பலகையின் இடுக்கு வழியே ஒரு நூல் அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. யாரோ அந்தப் பக்கம் நாற்காலியை நகர்த்தி அதை மறைத்தார்கள். அது குமரேசனாக இருக்கலாம். நான் திரும்பவும் இல்லை, தட்டவும் இல்லை. இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மறைந்த அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.